ஏழு சம்பாவும் நான்கு புரொஃபைலர்களும்

கும்பகோணத்தில் இருந்துகொண்டு, டெல்டா மாவட்டங்களின் தனியார் அரிசி ஆலைகளுக்கும் நெல் வியாபாரிகளுக்கும் கணக்கு மென்பொருள் எழுதித் தரும் சிறு குழு ஒன்றில் நான் வேலை செய்கிறேன். பைத்தானில் எழுதப்பட்ட அந்த மென்பொருள், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துடன், ஒவ்வோர் ஆலையிலும் உபுண்டு நிறுவிய ஒற்றைக் கணினியில் ஓடுகிறது. ஆண்டின் பெரும்பகுதி அது எப்படி ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கி, எடை மேடைக்கு முன்னால் டிராக்டர்களும் லாரிகளும் வரிசை கட்டிவிட்டால், ஒரு ரசீதுக்கு எட்டு விநாடி ஆகிறது என்பதே பெரிய வழக்காகிவிடும். 2019 சம்பா முதல் 2025 சம்பா வரை ஏழு பருவங்களில், இந்த மந்தத்தைத் தேடிப் பிடிக்க நான் தொடர்ந்து பயன்படுத்திய நான்கு புரொஃபைலர்களின், அதாவது நிரலின் எந்தப் பகுதியில் நேரம் செலவாகிறது என்று அளந்து காட்டும் கருவிகளின், அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கையில் எடுத்தது சி-புரொஃபைல். பைத்தான் 2.5 காலத்திலிருந்தே மொழியுடன் சேர்ந்து வருவதால் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. ஆனால் அதை எடுக்கும் முன் இரண்டு நாள்களை வீணாக்கினேன். நாள் இருப்பு அறிக்கை வர 40 விநாடி ஆனது. தரவுத்தளம்தான் காரணம் என்று நானாக முடிவு செய்து, தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸை அட்டவணைக்கு அட்டவணை போட்டேன். 40 விநாடி 39 ஆனது. ஆலையின் கணக்குப்பிள்ளை, "தம்பி, அறிக்கை வர்றதுக்குள்ள மூட்டையில நெல்லு முளை விட்டுடும் போலருக்கே" என்றார். அன்றிரவுதான் சி-புரொஃபைலை ஓட்டினேன்.

அது தரும் பட்டியலில் மூன்று பத்திகளைக் கவனித்தால் போதும்: ஒரு செயற்கூறு (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) எத்தனை முறை அழைக்கப்பட்டது, அதற்குள்ளேயே செலவான நேரம் எவ்வளவு, அது அழைத்த மற்றவற்றையும் சேர்த்த மொத்த நேரம் எவ்வளவு. பட்டியலின் உச்சியில் இருந்தது, தொகையை எழுத்தால் எழுதும் செயற்கூறு. அழைப்பு எண்ணிக்கை 61,412. அறிக்கையின் கடைசியில் 'ரூபாய் இன்னது மட்டும்' என்று ஒரே ஒருமுறை அச்சாக வேண்டிய வாசகத்தை, நிரல் ஒவ்வொரு வரிக்கும் தயாரித்து, கடைசி ஒன்றைத் தவிர மற்ற அனைத்தையும் தூக்கி எறிந்துகொண்டிருந்தது. அந்த நிரலை எழுதியவன் நான்தான் என்பதால் யாரையும் திட்டவும் வழியில்லை. ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்து 1971இல் எழுதிய கட்டுரையில், நிரலின் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதியே ஓடும் நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்று டொனால்டு குனுத் காட்டினார். எங்கள் கணக்கில் அது பதினான்கு வரிகள்.

இங்கேயே இந்தக் கருவியின் குறையையும் தெரிந்துகொண்டேன். புரொஃபைலருடன் ஓட்டியபோது அதே அறிக்கைக்கு 97 விநாடி ஆனது. அதில் ஏறக்குறைய அறுபது சதவீதம் அந்த ஒரு செயற்கூறின் கணக்கில் இருந்தது. எனவே 40 விநாடி 16 ஆகக் குறையும் என்று ஆலை முதலாளியிடம் உறுதியாகச் சொன்னேன். குறைந்தது 24க்குத்தான். சி-புரொஃபைல் ஒவ்வோர் அழைப்பின் நுழைவையும் வெளியேற்றத்தையும் தனித்தனியே குறித்துக்கொள்கிறது. அப்படிக் குறிப்பதற்கே நேரம் பிடிப்பதால், லட்சக்கணக்கில் அழைக்கப்படும் சின்னஞ்சிறு செயற்கூறுகள் உண்மையைவிடப் பெரியவையாகத் தெரியும். ஆகவே அதன் வரிசையை நம்பலாம், விநாடிகளை நம்பக் கூடாது. எதிலிருந்து தொடங்குவது என்பதை அதில் பார்த்துவிட்டு, எவ்வளவு குறைந்தது என்பதைச் சாதாரணக் கடிகாரத்தில் அளப்பதே அன்று முதல் என் வழக்கம்.

இரண்டாவது கருவி பை-ஸ்பை. நெல் வியாபாரி மூட்டையைப் பிரித்துக் கொட்டிப் பார்ப்பதில்லை. குத்தூசியைச் செருகி, வந்த நெல்லை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தே விலை சொல்லிவிடுகிறார். மாதிரி எடுக்கும் புரொஃபைலர்கள் இந்த வகை. பை-ஸ்பை, ஓடிக்கொண்டிருக்கும் பைத்தான் நிரலின் நினைவகத்தை வெளியிலிருந்து படித்து, விநாடிக்கு நூறு முறை, இந்தக் கணம் எந்த வரியில் நிற்கிறாய் என்று பார்த்துக்கொள்கிறது. நிரலை நிறுத்த வேண்டாம், நிரலில் ஒரு வரியும் மாற்ற வேண்டாம். நிர்வாகி உரிமையும் செயல்முறையின் எண்ணும் இருந்தால் போதும். லாரி வரிசை நிற்கும்போது சர்வரை மறுதொடக்கம் செய்யட்டுமா என்று ஆலையில் கேட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

2021 மாசியில், மன்னார்குடிப் பக்கம் உள்ள ஓர் ஆலையில் எடைத் திரை காலை பதினோரு மணிவாக்கில் சில நிமிடம் உறைந்து, பிறகு தானாகச் சரியாகிக்கொண்டிருந்தது. பை-ஸ்பை பதிவில் எதுவும் அகப்படவில்லை. சிபியுவும் சும்மா இருந்தது. அந்தப் பதிவு, வேலை செய்யாமல் காத்திருக்கும் த்ரெட்களை (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழைகளை) இயல்பாகவே விட்டுவிடும் என்பதும், அவற்றையும் சேர்க்கத் தனி விருப்பம் உண்டு என்பதும் அப்போது எனக்குத் தெரியாது. பிறகு, ஒவ்வொரு த்ரெட்டும் அந்தக் கணம் எங்கே நிற்கிறது என்று காட்டும் டம்ப் என்னும் கட்டளையைப் பத்து விநாடி இடைவெளியில் மூன்று முறை கொடுத்தேன். மூன்றிலும் ஒரே காட்சி. எட்டு த்ரெட்களில் ஏழு, வேறு யாரும் மாற்றாதபடி இருப்புப் பதிவைப் பூட்டுவதற்கான தரவுத்தள வினவலில் நின்றுகொண்டிருந்தன. எட்டாவது, விவசாயிக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் செயற்கூறுக்குள், வெளிச் சேவை ஒன்றின் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அந்த எட்டாவது, இருப்புப் பதிவைப் பூட்டிவைத்துக்கொண்டே எஸ்எம்எஸ் அனுப்பப் போயிருந்தது. போஸ்ட்கிரெஸ் பக்கம் பார்த்தால், பரிவர்த்தனை (ஒன்றாக முடிய வேண்டிய தரவுத்தள வேலைத் தொகுதி) திறந்தபடி சும்மா நிற்கும் இணைப்பு ஒன்றும், பூட்டுக்காகக் காத்திருக்கும் இணைப்புகள் ஏழும் அதையே உறுதி செய்தன. வெளிச் சேவையை அழைக்கப் பயன்படும் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம், நாம் காலவரம்பு கொடுக்காவிட்டால், பதில் வரும்வரை காத்துக்கொண்டேயிருக்கும். காலவரம்பு ஐந்து விநாடி வைத்து, எஸ்எம்எஸ்ஸைப் பரிவர்த்தனை முடிந்த பிறகு தனி வரிசையில் அனுப்பும்படி மாற்றியதும் உறைவது நின்றது.

புரொஃபைலர் எந்த நேரத்தை அளக்கிறது என்ற கேள்வி அன்றுதான் எனக்கு உறைத்தது. சிபியுவில் உழைத்த நேரம் ஒன்று, கதவுக்கு வெளியே காத்திருந்த நேரம் மற்றொன்று. எடை மேடையில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான், கருவிகளுக்கு அப்படியில்லை.

மூன்றாவதான பெர்ஃப், 2009இல் வந்த 2.6.31 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப் பகுதி) லினக்ஸுடன் சேர்ந்தே இருப்பது. நான்கில் இதைப் பழகத்தான் எனக்கு அதிக நாளாயிற்று. பைத்தானுக்குக் கீழே சி மொழி நூலகங்களில் நேரம் போகும்போது இதுதான் உதவும். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளும் எனக்குக் கிடைத்தவை, பெயர் தெரியாத முகவரிகளும், எதைக் கேட்டாலும் பைத்தான் நிரலை ஓட்டும் மொழிபெயர்ப்பியின் ஒரே உள் செயற்கூறின் பெயரும்தான். எந்தச் செயற்கூறு எதை அழைத்தது என்று தடம் பிடிக்க உதவும் ஃபிரேம் பாயிண்டரை, நூலகங்களைத் தொகுக்கும்போது விட்டுவிடும் வழக்கமே பாதிக் காரணம். உபுண்டு 24.04இல் அது இயல்பாகவே சேர்க்கப்பட்டுவிட்டது, பைத்தான் 3.12இல், பைத்தான் செயற்கூறுகளின் பெயரைப் பெர்ஃபுக்குச் சொல்லும் வசதியும் வந்தது. இந்த இரண்டும் சேர்ந்த பிறகே பெர்ஃப் என் அன்றாடக் கருவியானது. தமிழில் ரசீது அச்சிடும்போது, ஒவ்வொரு வரிக்கும் எழுத்துருக் கோப்பை முதலிலிருந்து திறந்து படித்துக்கொண்டிருந்ததை அதில்தான் கண்டேன். விநாடிக்கு நூறு என்று வைக்காமல் 99 மாதிரிகள் எடுக்கச் சொல்வார்கள். கணினிக்குள் சீரான இடைவெளியில் நடக்கும் வேலைகளுடன் மாதிரியின் தாளம் ஒன்றிப்போய் ஏமாற்றாமல் இருப்பதற்காக அது.

பெர்ஃபின் வெளியீட்டை நேரடியாகப் படிப்பவர்கள் பொறுமைசாலிகள். நான், பிரெண்டன் கிரெக் 2011இல் உருவாக்கிய ஃபிளேம் கிராஃபாக, அதாவது ஒவ்வொரு செயற்கூறும் எடுத்த நேரத்தை அடுக்கிய பெட்டிகளின் அகலமாகக் காட்டும் படமாக, மாற்றித்தான் பார்க்கிறேன். அதையும் ஓராண்டு தவறாகவே படித்துவந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். இடமிருந்து வலம் நேரம் நகர்கிறது என்று எண்ணி, 'முதலில் இது நடக்கிறது, பிறகு அது' என்று உடன் வேலை செய்பவர்களுக்கு விளக்கமும் கொடுத்திருக்கிறேன். உண்மையில் அந்தத் திசையில் பெட்டிகள் அகரவரிசையில்தான் அடுக்கப்படுகின்றன. அகலம் மட்டுமே பொருளுடையது; நிறம்கூட வழக்கமான படத்தில் கண்ணுக்காகத்தான்.

நான்காவது, ஒவ்வொரு வினவலும் எத்தனை முறை ஓடியது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று கணக்கு வைக்கும் போஸ்ட்கிரெஸின் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் நீட்சி. கறாரான பொருளில் இது புரொஃபைலர் அல்ல, ஆனால் ஒரு கோளாறைக் கண்டுபிடிப்பதைவிட, பருவத்துக்குப் பருவம் தொடர்ந்து கண்காணிப்பதற்கு இதைவிட ஏற்றது எனக்குக் கிடைக்கவில்லை. இதைச் சேர்க்கத் தரவுத்தளத்தை ஒருமுறை மறுதொடக்கம் செய்ய வேண்டும். ஆகவே பருவம் தொடங்கும் முன்பே செய்துவிடுவது நல்லது. வாரந்தோறும் அதன் எண்களை ஒரு தனி அட்டவணையில் நகலெடுத்து வைக்கிறேன். சராசரி நேரத்தை வைத்து வரிசைப்படுத்தினால் மாதக்கடைசி அறிக்கைகள் முன்னால் வந்து நிற்கும்; மொத்த நேரத்தை வைத்து வரிசைப்படுத்தினால், மூன்று மில்லிவிநாடியே எடுக்கும் ஆனால் லட்சக்கணக்கான முறை ஓடும் வினவல் அகப்படும். சராசரியுடன் உச்ச நேரத்தையும் பார்த்தாக வேண்டும் என்பதை டெல்டாக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். தலைமதகில் எத்தனை கன அடி போகிறது என்ற கணக்கு, கடைமடையில் நாற்றங்கால் காய்வதைச் சொல்லாது.

இந்தப் பதிவுகள் கைகொடுத்த இடம் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். எங்கள் கொள்முதல் அட்டவணையில் பருவக் குறியீடு என்று ஒரு பத்தி உண்டு: இன்ன ஆண்டுக் குறுவை, சம்பா, தாளடி என்று. ஒவ்வொரு பருவமும் தொடங்கிய முதல் சில நாள்கள் ஒரு குறிப்பிட்ட வினவல் மிக மெதுவாக ஓடி, பிறகு தானே சரியாகிவிடும். மூன்று ஆண்டுகளின் வாராந்தர எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பிறகே இந்த ஒழுங்கு கண்ணில் பட்டது; அதுவரை ஒவ்வொரு முறையும் அதைத் தனித் தனிச் சம்பவமாகவே எண்ணி, இணைய இணைப்பையும் ஒருமுறை ஆலையின் மின்னழுத்தத்தையும் குறை சொல்லியிருக்கிறோம். வினவல் எப்படி நிறைவேற்றப்படுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸ் கொடுத்துப் பார்த்தபோது, ஒரு வரிதான் கிடைக்கும் என்று போஸ்ட்கிரெஸ் மதிப்பிட்டிருந்த இடத்தில் உண்மையில் 18,240 வரிகள் வந்தன. காரணம் எளியது. அட்டவணையில் புதிதாகச் சேர்ந்த அல்லது மாறிய வரிகள் ஏறக்குறைய பத்து சதவீதத்தைத் தாண்டினால்தான், இயல்பு அமைப்பில், அந்த மதிப்பீட்டுக்கு அடிப்படையான புள்ளிவிவரங்கள் தானாகப் புதுப்பிக்கப்படும். நாற்பது லட்சம் வரிகள் உள்ள அட்டவணையில் அதற்கு நான்கு லட்சம் புதிய வரிகள் வேண்டும். அதுவரை, நேற்றுப் பிறந்த பருவக் குறியீடு அந்தப் புள்ளிவிவரத்தில் இல்லவே இல்லை. ஒரு வரிதானே என்று நம்பித் தேர்ந்தெடுத்த, அட்டவணைகளை ஒன்றோடொன்று இணைக்கும் முறை, பல்லாயிரம் வரிகளுக்குத் திணறுகிறது. அந்த அட்டவணைக்கு மட்டும் பத்து சதவீதத்தை ஒரு சதவீதமாக்கி, பருவத்தின் முதல் வாரம் இரவுதோறும், புள்ளிவிவரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் கட்டளையை ஓடவிட்டோம். அடுத்த குறுவையில் யாரும் தொலைபேசியில் அழைக்கவில்லை.

புதிதாகத் தொடங்குபவர் எதை முதலில் எடுப்பது என்று கேட்டால், பைத்தான் எழுதுபவருக்குப் பை-ஸ்பை டம்பையும் தரவுத்தள நீட்சியையும்தான் சொல்வேன். சி-புரொஃபைலை இப்போது நான் ஆண்டுக்கு ஓரிரு முறையே தொடுகிறேன். பெர்ஃபுக்கு நேரம் ஒதுக்க முடிந்தால் ஒதுக்கலாம், கட்டாயமில்லை. எந்தக் கருவியானாலும், சொந்த மடிக்கணினியில் அல்லாமல் ஆலையின் கணினியிலேயே அளக்க வேண்டும். வேகமான எஸ்எஸ்டியில் தெரியாதவை, பழைய ஹார்டு டிஸ்க்கில் தெரியும்.

ஒவ்வொரு சம்பாவிலும் ஒரே மாதிரி வேலைப்பளுவை ஓட்டி ஒரு ஃபிளேம் கிராஃப் எடுத்துச் சேமித்து வைக்கும் பழக்கமும் எனக்கு உண்டு. இரண்டு படங்களின் வேறுபாட்டைச் சிவப்பிலும் நீலத்திலும் காட்டும் வசதி இருப்பதால், எது புதிதாகப் பெருத்தது என்பது உடனே தெரியும். 2025 தையில் ஓர் ஆலையில் ரசீதுக்கு ஒன்றரை விநாடி என்பது ஐந்தாகிவிட்டது என்று அழைத்தார்கள். படம் எடுத்து, முந்தைய ஆண்டின் படத்துடன் ஒப்பிட்டேன். சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. ஃபிளேம் கிராஃப் விகிதத்தைத்தான் காட்டுகிறது; எல்லாமே ஒரே அளவில் மெதுவானால் படம் மாறாது. அரைநாள் குழம்பிய பிறகு சிபியு ஓடும் வேகத்தையும் காட்டும் பெர்ஃப் ஸ்டாட்டைக் கொடுத்துப் பார்த்தேன். வழக்கமாக 2.9 கிகாஹெர்ட்ஸில் ஓடும் சிபியு 0.8இல் ஓடிக்கொண்டிருந்தது. கணினியின் பெட்டியைத் திறந்தால், விசிறியின் இறக்கைகளே தெரியாத அளவுக்குத் தவிடு அப்பியிருந்தது. வெப்பம் தாங்காமல் சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. ஆலையில் வேலை செய்யும் பையன் ஒருவர் புளோயரைக் கொண்டுவந்து ஊதினார். மாலையில் ரசீது மீண்டும் ஒன்றரை விநாடிக்கு வந்தது. ஊதிய பிறகு எடுத்த படத்தையும் முந்தைய இரண்டுடன் சேர்த்து வைத்திருக்கிறேன். மூன்றும் ஒன்றுபோலவே இருக்கின்றன.