ரோட்டரியா, டூயல் ஆக்‌ஷனா: கார் பெயின்ட் கீறலுக்கு எந்த மெஷின்?

கறுப்புக் காரின் பானட் மீது ஒற்றை விளக்கின் ஒளி விழும்போது, அதைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல மெல்லிய கோடுகள் வட்ட வட்டமாகத் தெரியும். விளக்கை ஓரடி நகர்த்திப் பாருங்கள், வலையும் கூடவே நகரும். பெயின்ட் மீது வட்டம் என்று எதுவும் கிடையாது. எல்லாத் திசையிலும் ஓடும் எண்ணற்ற நுண்கீறல்களில், ஒளி வரும் திசைக்குக் குறுக்கே கிடப்பவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. அவை சேர்ந்து வட்டமாகத் தோன்றுகின்றன. தூசியைக் காய்ந்த துணியால் துடைத்தது, ஒரே வாளித் தண்ணீரில் ஸ்பாஞ்சை முக்கி முக்கிக் கழுவியது, பிரஷ் சுழலும் தானியங்கிக் கழுவுமிடத்துக்குள் காரை விட்டது எல்லாம் சேர்ந்து போட்ட கணக்கு அது.

இதைப் போக்க மெஷின் பாலிஷ்தான் வழி என்பதில் அநேகமாக எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். எந்த மெஷின் என்பதில்தான் சண்டை. ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரியை விட்டுக்கொடுக்காதவர்கள் ஒரு பக்கம், ஆடிக்கொண்டே சுற்றும் மெஷினை விரும்பும் டூயல் ஆக்‌ஷன்காரர்கள் மறுபக்கம், இரண்டுக்கும் நடுவே கட்டாயச் சுழற்சி மெஷின். மூன்றையும் கையில் பிடித்திருக்கிறேன். அதனால் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சொந்தக் காரைத் தானே பாலிஷ் செய்யப்போகிறவருக்கு டூயல் ஆக்‌ஷன். ரோட்டரி மோசமான மெஷின் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதில் ஒரு தவறு செய்தால் திரும்பப் பெயின்ட் அடிக்காமல் சரிசெய்ய முடியாது, அவ்வளவுதான்.

தேய்க்க எவ்வளவு இருக்கிறது?

கீறலை எடுப்பதாகச் சொல்கிறோமே தவிர, கீறல் என்பது ஒரு பள்ளம். பள்ளத்தை எடுக்க முடியாது. சுற்றியிருக்கும் மேட்டைத் தேய்த்துப் பள்ளத்தின் அடிமட்டத்துக்கு இறக்குகிறோம். அப்படியானால் அந்த மேடு எவ்வளவு கனம் என்பதுதான் முதல் கேள்வி. இன்றைய கார்களில் பிரைமர், நிறப்பூச்சு, அதன்மேல் நிறமற்ற கிளியர் கோட் என்று அடுக்குகள் உள்ளன. தொழிற்சாலைப் பெயின்டின் மொத்தக் கனம் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40, 50 மைக்ரான். மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். ஆக, பாலிஷ் என்ற பெயரில் நாம் ஆடும் ஆட்டம் முழுவதும் ஒரு முடியின் தடிமனுக்குள்தான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவதும் இந்தக் கிளியர் கோட்தான். அளவுக்கு மீறித் தேய்த்த இடம் அன்றைக்குப் பளபளக்கும். சில வருடம் கழித்து வெளுத்து, தோல் உரிவதுபோல உரியும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்தும். பெயின்ட் கனத்தை அளக்கும் கருவி இருக்கிறது. எஃகுத் தகட்டின் மேல் காந்தத் தூண்டல் முறையிலும், அலுமினியத்தின் மேல் சுழல் மின்னோட்ட முறையிலும் அது வேலை செய்கிறது. பிளாஸ்டிக் பம்பரில் அந்த இரண்டு முறையும் உதவாது. இன்னொன்று, அது காட்டுவது மொத்தக் கனத்தை. கிளியர் கோட் மட்டும் எவ்வளவு என்று தனியாகச் சொல்லாது. ஆனாலும் கார் முழுவதும் 120 காட்டிவிட்டு ஒரு கதவில் மட்டும் 85 காட்டினால், அங்கே யாரோ ஏற்கெனவே தேய்த்திருக்கலாம் என்று எச்சரிக்கையாகலாம். 300 காட்டினால் அது மறுபடி பெயின்ட் அடித்த பகுதி என்று வைத்துக்கொள்ளலாம்.

கருவி இல்லாதவருக்கு நகம் உண்டு. கீறலுக்குக் குறுக்கே நகத்தை மெல்ல ஓட்டினால் நகம் சிக்குகிறதா? சிக்கினால் அந்தக் கீறலை முழுதாகப் போக்க நினைக்க வேண்டாம்.

ரோட்டரி

ஒரே அச்சு, ஒரே திசை. மோட்டார் சுற்றும் வரை பேடும் (முனையில் மாட்டும் கம்பளி அல்லது ஃபோம் வட்டு) சுற்றியே தீரும். பாலிஷ் வேலைக்கு நிமிடத்துக்கு 600 முதல் 2000 சுற்று வரை வைப்பார்கள். 150 மி.மீ. பேடை 1500 சுற்றில் ஓட்டினால் அதன் விளிம்பு நொடிக்கு ஏறத்தாழ 12 மீட்டர் வேகத்தில் பெயின்டைத் தேய்க்கிறது. நடுப்புள்ளி கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே திரும்பிக்கொண்டிருக்கிறது. ஒரே பேடுக்குள் இவ்வளவு வித்தியாசம். ரோட்டரியின் நல்லதும் கெட்டதும் இங்கிருந்துதான் பிறக்கின்றன.

நல்லதை முதலில் சொல்வதுதான் நியாயம். வெட்டும் திறனில் இதற்கு இணை இல்லை. ஆழமான கீறலை 2000, 3000 எண் உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்த பிறகு நிற்கும் மங்கலை, கம்பளி பேடும் காம்பவுண்டும் (தேய்க்கும் துகள் கலந்த களிம்பு) போட்ட ரோட்டரி சில நிமிடங்களில் தெளியவைத்துவிடும். உடல் மெலிந்தது, அதிர்வு கிடையாது. சின்ன பேடு மாட்டினால் தூணிலும் கண்ணாடி ஓரத்திலும் புகும். பெயின்ட் பட்டறைகளில் தலைமுறையாக இதுவே ஆள்வதற்குக் காரணம் பழக்கம் மட்டுமல்ல.

இனி மறுபக்கம். அழுத்தினால் இது வேகத்தைக் குறைக்காது. சூட்டைத்தான் கூட்டும். பானட்டின் மடிப்புக் கோடுகளிலும் கதவின் ஓரங்களிலும் பெயின்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும், அழுத்தமும் அந்த ஒரு கோட்டிலேயே குவியும். என் பழைய காரில் நான் கற்றுக்கொண்ட பாடம் அங்கேதான் நடந்தது. மாஸ்கிங் டேப் ஒட்டச் சோம்பல்பட்டேன். கம்பளி பேடு மடிப்பின்மேல் ஓரிரு நொடி கூடுதலாக நின்றது. பேடைத் திருப்பிப் பார்த்தால் காரின் நீலம் அதில் ஒட்டியிருக்கிறது. கிளியர் கோட் உள்ள காரில் பேடில் நிறம் வந்தால் கிளியர் கோட் போய்விட்டது என்று பொருள். கிளியர் கோட் இல்லாத பழைய ஒற்றைப் பூச்சுக் கார்களில் மட்டும் நிறம் வருவது இயல்பு. என்னுடையது அந்த வகை இல்லை.

இரண்டாவது தொல்லை ஹாலோகிராம். எல்லாத் தேய்ப்பும் ஒரே போக்கில் நடப்பதால், பேடு போன தடம் வெயிலில் அகலமான வில் போன்ற ஒளிப்பட்டைகளாக மின்னும். கொடுமை என்னவென்றால் பாலிஷ் முடித்த அன்று அது கண்ணில் படாமல் போகலாம். பாலிஷில் உள்ள எண்ணெய் நுண்கீறல்களை நிரப்பிவிடும். தெரிந்தவர் ஒருவர் ஒரு பட்டறையில் விட்டு எடுத்த கறுப்புக் கார் மூன்று கழுவல் வரை கண்ணாடியாக இருந்தது. நான்காவது கழுவலுக்குப் பிறகு வெயிலில் நிறுத்தியபோது பானட் முழுக்க மீன் செதில் போல ஒளி ஓடியது. காசு கொடுத்துச் சிலந்தி வலையை ஒளிப்பட்டையாக மாற்றிக்கொண்டார்.

டூயல் ஆக்‌ஷன்

இதில் இரண்டு அசைவுகள். பேடு மையம் விலகி ஒரு சிறு வட்டத்தில் ஆடுகிறது, அந்த ஆட்டத்தின் உந்துதலால் தன்னைத் தானே சுற்றவும் செய்கிறது. ஆட்டத்துக்கு மோட்டார் பொறுப்பு. சுழற்சிக்கு யாரும் பொறுப்பில்லை. அது ஒரு பேரிங்கின் மேல் சுதந்திரமாக நடக்கிறது. அதிகமாக அழுத்தினாலோ, சாய்த்துப் பிடித்தாலோ, வளைவில் பேடு ஒரு பக்கம் மட்டும் பட்டாலோ சுழற்சி நின்றுபோய் வெறும் அதிர்வுதான் மிஞ்சும். பேடைத் தாங்கும் தட்டின் விளிம்பில் ஒரு மார்க்கர் கோடு போட்டுக்கொண்டால் சுற்றுகிறதா நின்றுவிட்டதா என்று வேலைக்கு நடுவிலேயே தெரியும்.

இதைக் குறை என்றும் சொல்லலாம், காவல் என்றும் சொல்லலாம். நின்றுபோன மெஷின் வெட்டாது. வெட்டாத மெஷின் எளிதில் எரிக்காது. தேய்ப்பு ஒரே திசையில் விழாமல் சிதறுவதால் ரோட்டரி பாணி ஹாலோகிராமும் வராது. இதற்குக் கொடுக்கும் விலை, நேரம். ரோட்டரி இரண்டு ஓட்டத்தில் முடிப்பதை இது நான்கு, ஆறு ஓட்டத்தில் முடிக்கும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பதை மெஷினாகச் செய்தால் இப்படித்தான் இருக்கும்.

வாங்கும்போது மோட்டாரின் வாட் எண்ணைவிட ஆட்டத்தின் விட்டத்தைப் பாருங்கள். 8 மி.மீ. ஆட்டம் மெதுவானது, சின்ன இடங்களுக்கு நல்லது. இத்தாலியின் ரூபெஸ் நிறுவனம் பிரபலமாக்கிய 21 மி.மீ. பெரிய ஆட்டம், பானட், கூரை போன்ற சமதளங்களில் வேகமாக ஓடும், வளைவில் திணறும். 15 மி.மீ. இரண்டுக்கும் நடுவில் எங்கும் ஒத்துப்போகும். ஒரே மெஷின்தான் வாங்குவேன் என்றால் 15 வாங்குங்கள்.

குற்றமே இல்லாத மெஷின் என்று நினைத்துவிடவும் வேண்டாம். மென்மையான பெயின்டில் கரடான மைக்ரோஃபைபர் பேடை ஓட்டினால் புகை படிந்ததுபோல ஒரு மங்கல் விழும். மென்மையான ஃபோம் பேடும் நுண்ணிய பாலிஷும் கொண்டு இன்னொரு சுற்று போனால் அது போய்விடும்.

கட்டாயச் சுழற்சி

இதிலும் ஆட்டம் உண்டு, ஆனால் சுழற்சி பல்சக்கரத்தோடு பிணைக்கப்பட்டது. ஜெர்மானிய ஃபிளெக்ஸ் நிறுவனத்தின் எக்ஸ்சி 3401 இந்த வகையில் பேர்பெற்றது; அதன் ஆட்டம் 8 மி.மீ. அழுத்தினாலும் வளைவில் வைத்தாலும் நிற்காது. டூயல் ஆக்‌ஷன் திணறும் கதவின் வளைவுகளில் இது உண்மையிலேயே கைகொடுக்கும். ஆனால் பிடித்தவர் கையை இழுத்துக்கொண்டு போகும் குணம் இதற்கு உண்டு. அரை மணி நேரத்தில் என் மணிக்கட்டு கெஞ்சியது. ஓரத்தில் நிற்காது என்பதால் டூயல் ஆக்‌ஷனின் காவலும் இதில் பாதிதான். இரண்டின் நல்லதையும் சேர்த்தது என்று விளம்பரம் சொல்லும். இரண்டின் தொல்லையிலும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்திருக்கிறது என்று நான் சொல்வேன்.

மெஷின் சண்டையில் மறந்துபோவது

பேடும் காம்பவுண்டும் மாறினால் அதே மெஷின் வேறு மெஷின் ஆகிவிடும். கம்பளி பேடு மாட்டிய டூயல் ஆக்‌ஷன், மென்மையான ஃபோம் மாட்டிய ரோட்டரியைவிட அதிகமாக வெட்டும். பேடின் நிறத்தை நம்பி வாங்காதீர்கள். ஒரு நிறுவனத்துக்கு மஞ்சள் கரடு என்றால் இன்னொன்றுக்கு மஞ்சள் மென்மை. காம்பவுண்டிலும் இரண்டு சாதி உண்டு. ஒன்றில் தேய்க்கத் தேய்க்கத் துகள் உடைந்து சிறுத்துப்போகும். அதைப் பாதியில் நிறுத்தினால் கரடுமுரடு நிற்கும், முழுதாக ஓட்டி முடிக்க வேண்டும். மற்றதில், மெகுயர்ஸ் எம்105, எம்205 போல, துகள் அளவு மாறாது. எவ்வளவு நேரம் ஓட்டுவது என்பது உங்கள் கையில். இதைத் தெரியாமல் முதல் வகையை இரண்டாவது வகைபோல அவசரமாகத் துடைத்துவிட்டு மெஷினைத் திட்டுபவர்கள் நிறையப் பேர். நானும் திட்டியிருக்கிறேன்.

எதை எடுத்தாலும் சோதனைச் சதுரம் ஒன்று வேண்டும். காரை நன்றாகக் கழுவி, கிளே பார் (பிசையும் களிமண் போன்ற கட்டி) போட்டு, ஒட்டியிருக்கும் துகள்களை எடுத்துவிட்டு, பானட்டில் 50 செ.மீ. சதுரம் ஒன்றை டேப்பால் பிரித்துக்கொள்ளுங்கள். இருப்பதில் மிக மென்மையான பேடும் பாலிஷும் முதலில். கையை நொடிக்கு இரண்டு மூன்று செ.மீ. மட்டும் நகர்த்தி, நெடுக்கும் குறுக்குமாக ஓட்டுங்கள். முடிந்ததும் தண்ணீர் கலந்த ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, எண்ணெயைப் போக்கிவிட்டு விளக்கடியில் பாருங்கள். கீறல் போதுமான அளவு போயிருந்தால் கார் முழுவதற்கும் அதுவே போதும். போகவில்லை என்றால் ஒரு படி கரடு. பெரும்பாலானவர்கள் கரடில் தொடங்கி, மெலிந்த பெயின்டோடு முடிக்கிறார்கள்.

மெஷினே வேண்டாம் என்பவர்களுக்கு

கையால் தேய்த்தும் நுண்கீறல் குறையும். ஒரு பானட்டுக்குள் தோள் விட்டுப்போகும், சீராகவும் வராது. கீறலை நிரப்பி மறைக்கும் கிளேஸ் சில கழுவல்களில் கரைந்து பழைய வலையைத் திருப்பித் தந்துவிடும். காரை விற்கப்போகிறவர்களுக்கு அது பிடிக்கும், வாங்கப்போகிறவர்கள் ஒரு டார்ச் எடுத்துப்போவது நல்லது. செராமிக் பூச்சு கீறலைப் போக்காது. பாலிஷ் செய்யாமல் அதைப் போட்டால் சிலந்தி வலைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டதாகிவிடும்.

என்னிடம் இப்போது இருப்பவை 15 மி.மீ. டூயல் ஆக்‌ஷன் ஒன்றும், 75 மி.மீ. பேடு மாட்டிய சின்ன ரோட்டரி ஒன்றும். ரோட்டரி வருடத்துக்கு ஒருமுறை வெளியே வந்தால் அதிகம்: உப்புத்தாள் பட்ட இடத்துக்கு மட்டும், அதுவும் நான்கு பக்கமும் டேப் ஒட்டிய பிறகு. அது வைத்த தடத்தை உடனே டூயல் ஆக்‌ஷனால் கலைத்துவிடுவேன். கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள குழியில் விரல் நகங்கள் போட்ட கீறல்களுக்கு மட்டும் இரண்டுமே நுழையாது. அங்கே ஒரு துண்டு ஃபோமும் ஆள்காட்டி விரலும்தான். நகம் சிக்கும் ஆழமான ஒன்று அங்கே இருந்தது. அதன் கூர்மையான ஓரத்தை மட்டும் மழுக்கிவிட்டு நிறுத்திக்கொண்டேன். கைப்பிடியைப் பிடிக்கும்போது தெரிகிறது, இரண்டடி தள்ளி நின்றால் தெரியவில்லை.