லூசெர்னா, இன்டர்லாக்கனா: ஏரிப் பக்கம் எங்கே அறை போடுவது?

சுவிட்சர்லாந்துக்கு ஒரு வாரம் போகத் திட்டம் போடுகிறவர்கள் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். ஊர் ஊராகப் பெட்டியை இழுக்காமல் ஓரிடத்தில் தங்கி, காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்ப வேண்டும். அதற்கு லூசெர்ன் வசதியா, இன்டர்லாக்கன் வசதியா? அப்பா அம்மாவுடன் போன நாங்கள் லூசெர்னில் அறை போட்டோம். இன்டர்லாக்கன் பக்கத்தை ரயிலில் போய்ப் பார்த்துத் திரும்பினோம். இன்னொரு முறை போனாலும் இப்படித்தான் செய்வேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டுக்கும் பொதுவானவற்றைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இரண்டு ஊர்களிலும் ஏரி உண்டு, படகு உண்டு, மலை மேல் ஏறும் ரயில் உண்டு. ரயில், பேருந்து, படகு எல்லாவற்றுக்கும் சேர்த்து வாங்கும் ஸ்விஸ் டிராவல் பாஸ் இருந்தால் ஏரிப் படகுகளுக்குத் தனியாகக் காசு கிடையாது. அறை வாடகை இரண்டு இடத்திலும் வலிக்கும். இந்தி சினிமாவை வைத்தும் முடிவெடுக்க முடியாது. லூசெர்ன் பக்கத்து டிட்லிஸ் மலை உச்சியில் ஷாருக்கானும் கஜோலும் அட்டை உருவமாக நிற்கிறார்கள் என்றால், இன்டர்லாக்கன் பூங்காவில் இயக்குநர் யஷ் சோப்ராவுக்குச் சிலையே வைத்திருக்கிறார்கள்.

ஊர் அமைப்பில் லூசெர்னுக்கு ஒரு சௌகரியம். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே படகுத்துறை, பக்கத்திலேயே பேருந்துகள். இன்டர்லாக்கனில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு நிலையங்கள். பிரியென்ஸ் ஏரிப் படகுக்கும் யுங்ஃப்ராவ் மலைப் பக்க ரயில்களுக்கும் கிழக்கு, தூன் ஏரிப் படகுக்கு மேற்கு. பெரிய சிக்கல் இல்லை, ஆனால் வயதானவர்களோடு அவசரமாக ஓடும்போது தெரியும்.

முடிவைத் தீர்மானித்தது இதெல்லாம் இல்லை, மேகம். ஆல்ப்ஸ் பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வெயில் நாளின் படங்களைத்தான் போடுகிறார்கள். உண்மையில் கோடையிலும் காலையில் பளிச்சென்று இருந்த சிகரம் மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். அதனால் தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியது, “மேகம் மூடிய நாளில் இங்கிருந்து என்ன செய்யலாம், எவ்வளவு நஷ்டம்?” என்பதுதான்.

இன்டர்லாக்கனுக்குப் போகிற பெரும்பாலோர் மனதில் யுங்ஃப்ராயோக் இருக்கும். 3,454 மீட்டர் உயரம், ஐரோப்பாவிலேயே மிக உயரமான ரயில் நிலையம், 1912-இல் திறந்தது. 2020-இல் வந்த ஐகர் எக்ஸ்பிரஸ் கேபிள் காரால் பயண நேரமும் குறைந்துவிட்டது. ஆனால் கோடையில் பாஸ் இல்லாமல் ஒருவருக்கு 200 பிராங்கைத் தாண்டும். பாஸ் இருந்தாலும் கிரிண்டெல்வால்ட் அல்லது வெங்கென் வரைதான் இலவசம், அதற்கு மேல் 25 சதவீதம் மட்டுமே தள்ளுபடி. நான்கு பேர் குடும்பத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இவ்வளவு கொடுத்து மேலே போய் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு வந்தால், அன்று இரவு யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். பனிக் குகையும் உணவகமும் இருக்கின்றன, ஆனால் அதற்காகவா போகிறோம்? அதனால் இன்டர்லாக்கனில் தங்குகிறவர்கள் அந்த ஒரு மலை திறக்கட்டும் என்று நாளைத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். படகுத்துறையில் சந்தித்த ஒரு குஜராத்திக் குடும்பம் அப்படித்தான் காத்துக்கொண்டிருந்தது.

லூசெர்னில் நிலைமை வேறு. ஏரி 434 மீட்டரில் இருக்கிறது, அதைச் சுற்றி வெவ்வேறு உயரத்தில் மலைகள். ரிகி 1,798 மீட்டர். ஸ்டான்சர்ஹார்ன் கிட்டத்தட்ட 1,900. பிலாட்டஸ் 2,100-ஐத் தாண்டும். டிட்லிஸ் மேல் நிலையம் 3,000-க்கு மேல். டிட்லிஸ் மூடியிருக்கும் நாளில் ரிகி திறந்திருக்கலாம். இலையுதிர் காலத்தில் இன்னொரு வேடிக்கை: ஊரே பனிமூட்டத்துக்குள் கிடக்கும், ரிகிக்கு மேலே ஏறினால் வெயில் அடிக்கும், கீழே மூட்டம் ஒரு கடலாய் விரிந்து கிடக்கும்.

இதில் ரிகிதான் என் துருப்புச் சீட்டு. பாஸ் இருந்தால் ரிகிக்கு முழுக்க இலவசம், படகும் இலவசம். லூசெர்னிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகில் விட்ஸ்னாவ். அங்கிருந்து அரை மணி நேரம் பல்சக்கர ரயில். 1871-இல் தொடங்கிய இதுதான் ஐரோப்பாவின் முதல் பல்சக்கர மலை ரயில். (நம் ஊட்டி ரயிலின் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை. அப்பா இதைச் சக பயணிகள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.) மேலே மேகம் வந்துவிட்டதா? ஒன்றும் போகவில்லை. நடுவழியில் கால்ட்பாடில் இறங்கி, கேபிள் காரில் வெகிஸுக்கு வந்து, படகைப் பிடித்து ஊர் திரும்பலாம். காசு கொடுக்காத மலையில் காத்திருக்கவும் பொறுமை வருகிறது. மேகம் விலகட்டும் என்று நாங்கள் மேலே தேநீர் குடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம், விலகவும் செய்தது.

பிலாட்டஸுக்குப் பாஸில் பாதி விலை. படகில் ஆல்ப்னாக்ஸ்டாட், அங்கிருந்து 1889-இல் ஓடத் தொடங்கிய ரயில். 48 சதவீதம் வரை செங்குத்து, பல்சக்கர ரயில்களில் உலகிலேயே மிகச் செங்குத்தானது. இறங்குவது மறுபக்கம் கேபிள் காரில். குளிர்காலத்தில் இந்த ரயில் ஓடாது, மேலே போகக் கேபிள் கார்தான்.

மழையே பிடித்துக்கொண்டால்? 1900-களின் தொடக்கத்தில் கட்டிய துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல்கள் இன்னும் இந்த ஏரியில் ஓடுகின்றன. கீழே எஞ்சின் வேலை செய்வதைக் கண்ணெதிரே பார்க்கலாம். மழையில் ஏரி இன்னும் அழகு என்று அம்மா சொன்னார், எனக்கு அவ்வளவு தோன்றவில்லை. போக்குவரத்து அருங்காட்சியகம் குழந்தைகளுக்கு ஒரு நாள் முழுக்கக் காணும். சூரிச் முக்கால் மணி நேரம், பெர்ன் ஒரு மணி நேரம். பெர்னில் பல மதத்தாரும் ஒரே கூரையின் கீழ் வழிபடும் ‘சமயங்களின் இல்லம்’ 2014-இல் திறந்தது. அதற்குள் ஈழத்தமிழர்கள் நடத்தும் சிவன் கோயில் இருக்கிறது. ஆல்ப்ஸில் தேவாரம் கேட்க விரும்புகிறவர்கள் மழை நாளை அங்கே கழிக்கலாம்.

எல்லாக் காட்சியும் காலையில்தான் தெரியும் என்பதால் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம். எழுந்ததும் மலை உச்சிகளின் நேரலைக் கேமராவைப் பார்ப்பது, பிறகுதான் அன்றைய ஊரைத் தீர்மானிப்பது. விலை அதிகமான மலைச் சீட்டை ஊரிலிருந்தே முன்பதிவு செய்யாதீர்கள்.

இன்டர்லாக்கனுக்கு நியாயம் செய்யாமல் விடக் கூடாது. அழகுப் போட்டி என்றால் அந்தப் பக்கம்தான் ஜெயிக்கும். பிரியென்ஸ் ஏரியின் பச்சை கலந்த நீலம் லூசெர்னில் கிடையாது. பனியாறுகள் அரைத்துக் கொண்டுவரும் பாறைத் தூள் நீரில் மிதப்பதால் வரும் நிறம் அது. லாட்டர்புருனென் பள்ளத்தாக்கில் 297 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டாவ்பாக் அருவியை நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். ட்ரும்மெல்பாக் அருவி மலைக்கு உள்ளேயே இறங்குகிறது, மழை நாளிலும் பார்க்கலாம். யுங்ஃப்ராயோக் போகாமலே ஐகர், மோன்ஹ், யுங்ஃப்ராவ் சிகரங்கள் மூன்றையும் நேருக்கு நேர் பார்க்க மியூரென் போதும். 1,638 மீட்டர் உயரத்தில் கார்கள் நுழையாத சிற்றூர், பாஸில் இலவசம். உயரத்தில் மூச்சு வாங்கும் பெரியவர்களுக்கு இதுதான் என் சிபாரிசு.

மலைப்பாதைகளில் நாள் முழுக்க நடக்கிறவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது என்று நினைக்கிறேன். நாங்கள் ரயிலும் படகுமாகவே சுற்றினோம், நடைப் பாதைகளைப் பற்றிச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. இன்டர்லாக்கனில் இரவு தங்கியதும் இல்லை. நடக்கிறவர்கள் இன்டர்லாக்கன் ஊரைக்கூட விட்டுவிட்டு லாட்டர்புருனெனிலோ வெங்கெனிலோ தங்குவதாகத்தான் கேள்விப்பட்டேன்.

இரண்டையும் விட மனமில்லை என்றால் லூசெர்னில் கூடுதல் இரவுகளும் இன்டர்லாக்கன் பக்கம் குறைந்த இரவுகளுமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நடுவில் ப்ரூனிக் கணவாய் வழியாக ஓடும் ரயில் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விடும், பாஸ் செல்லும். லூசெர்னில் ஏறும்போது வலப்பக்கம் உட்காருங்கள். சார்னென், லுங்கெர்ன் ஏரிகள் அந்தப் பக்கம்தான் வரும். மைரிங்கெனில் ரயில் திசை திரும்பும். எழுந்து இடம் மாறாதீர்கள், பிரியென்ஸ் ஏரியும் உங்கள் ஜன்னலுக்கே வரும்.