பொருத்திய பிறகுதான் தெரியும் குறைகள்: கிட் காருக்குப் பிரேக், சஸ்பென்ஷன் தொகுப்பு வாங்குவோர் கவனத்திற்கு

பாகங்களைத் தொகுப்பாக வாங்கி வீட்டுக் கொட்டகையில் சொந்தக் கையால் கிட் கார் கட்டுவோருக்காக இதை எழுதுகிறேன். முன்பின் சஸ்பென்ஷனையும் பிரேக் அமைப்பு முழுவதையும் ஒரே தொகுப்பாக ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். முழுத் தொகையையும் முன்னதாகவே செலுத்தினேன். அவர் யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை, அவருடைய ரசீதின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியை மட்டும் தருகிறேன்: "பொருத்திய பொருள்கள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்படமாட்டா." வாங்கிய அன்று அதில் குற்றம் எதுவும் தெரியவில்லை. எல்லாரும் எழுதுவதுதானே என்று மடித்து வைத்துவிட்டேன். பிரேக், சஸ்பென்ஷன் பாகங்களில் உள்ள குறை பெரும்பாலும் பொருத்தும்போதுதான் வெளியே வரும் என்பதும், அது வெளியே வரும் அதே நேரத்தில் இந்த வரியும் விழித்துக்கொள்ளும் என்பதும் பின்னால்தான் உறைத்தது.

நான் கட்டுவது, 1957இல் லோட்டஸ் கொண்டுவந்த செவன் காரின் அமைப்பை ஒட்டிய, இருவர் அமரும் திறந்த வண்டி. எடை ஏறத்தாழ 600 கிலோ. குழாய்களால் ஆன சட்டம், முன்பக்கம் இரட்டை விஷ்போன் (சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் கவை வடிவக் கை), நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக். மிதிக்கும் விசையைப் பெருக்கித் தரும் சர்வோ கிடையாது, கால் கொடுக்கும் விசைதான் பிரேக்.

பெட்டி வந்தபோது எல்லாம் பார்க்க அழகாகவே இருந்தது. விஷ்போன்களில் பவுடர் கோட்டிங் கண்ணாடிபோல் மின்னியது. கூடவே நான்கு பக்க ஒளிநகல் ஒன்று, படம் மங்கிப்போய் இருந்தது. இலவசமாக வைத்திருந்த பிரேக் ஆயில் பாட்டிலின் மூடியில் முத்திரை ஏற்கெனவே உடைந்திருந்தது. டாட் 4 ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாத அந்த ஆயிலுக்கு, நீர் சேர்ந்த பிறகு 155 டிகிரிதான் தர எல்லை. அந்தப் பாட்டிலை அப்படியே ஒதுக்கிவிட்டேன். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அடுத்து போல்ட்டுகள். விஷ்போன்களைச் சட்டத்தோடு இணைக்கக் கொடுத்திருந்த எம்12 போல்ட்டுகளின் தலைகள் மொட்டையாக இருந்தன. இத்தகைய இடத்துக்கு வரும் போல்ட்டின் தலையில் 8.8, 10.9 போன்ற தர எண் புடைத்துத் தெரிய வேண்டும். 8.8 என்றால் இழுத்து அறுக்க 800 மெகாபாஸ்கல் தேவை, அதில் 80 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்று பொருள். எண்ணே இல்லாத போல்ட் அதில் பாதியைத் தாங்கும் என்றுகூட யாரும் பொறுப்பேற்க முடியாது. போதாக்குறைக்கு அவை தலைக்கு அடியிலிருந்து நுனிவரை மரை வெட்டியவை. சட்டத்தில் உள்ள பட்டைக்கும் விஷ்போன் முனையில் உள்ள புஷ் என்னும் குழலுக்கும் நடுவே விசை குறுக்கே வெட்டும் இடத்தில் போல்ட்டின் வழவழப்பான தண்டுதான் அமர வேண்டும். அங்கே மரை வந்தால் 12 மி.மீ. போல்ட் உள்ளபடியே 10 மி.மீ.க்கும் குறைந்த போல்ட்டாகிவிடும், மரையின் விளிம்புகளும் துளையை அரம்போல் அராவிக்கொண்டே இருக்கும். தரமான போல்ட்டுகளையும் புதிய நைலாக் நட்டுகளையும் என் செலவில் வாங்கிப் போட்டேன். விற்பவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். அங்கேயே நிறுத்திப் பெட்டியைத் திருப்பி அனுப்பாதது என் தவறு. அதுவரை எதையும் பொருத்தவில்லை, அந்த வரி என்னைக் கட்டுப்படுத்தியிருக்காது.

ஒளிநகலில் இருந்த ஓர் அறிவுரையையும் சொல்லிவிட வேண்டும். வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையிலேயே எல்லாப் புஷ் போல்ட்டுகளையும் முழு இறுக்க அளவுக்கு (டார்க்) இறுக்கச் சொல்லியிருந்தது. கொடுத்திருந்தவையோ உலோகக் குழலோடு ஒட்டிய ரப்பர் புஷ்கள். அந்த நிலையில் இறுக்கினால் உட்குழல் பட்டையோடு பிடிபட்டுவிடும். வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நாளெல்லாம் இருந்து சீக்கிரமே கிழியும், வண்டியின் உயரமும் மாறும். வண்டி தரையில் தன் எடையோடு நிற்கும் உயரத்தில்தான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும்.

இனி பிரேக். குழாய்களின் முனை நட்டுகளை, பெடலின் விசையை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரில் கையால் திருகியபோது நான்கில் இரண்டு சற்று லொடலொடவென்று ஆடின. பிடி மட்டும் இருந்தது. இன்னும் அரைச் சுற்று ஸ்பேனரால் இறுக்கினால் சரியாகிவிடும் என்றுதான் கையும் சொன்னது, மனமும் சொன்னது. நல்லவேளையாக மரை அளவி மேசையிலேயே இருந்தது. சிலிண்டரில் வெட்டியிருந்தது எம்10, அதாவது 10 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. இடைவெளியும் உள்ள மரை, அந்த இரண்டு நட்டுகளும் அங்குலத்துக்கு 24 சுற்று கொண்ட, எட்டில் மூன்று அங்குல, அதாவது 9.5 மி.மீ. விட்டமுள்ள, யூஎன்எஃப் என்னும் அங்குலக் கணக்கு மரை. விட்டத்தில் வேறுபாடு அரை மி.மீ., இடைவெளியில் அதுகூட இல்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, 11 மி.மீ. ஸ்பேனர் இரண்டின் தலையிலும் உட்கார்ந்துவிடும். சிறிய நட்டு பெரிய துளைக்குள் தடையில்லாமல் ஏறும், மரையின் நுனிகள் மட்டும் கவ்வும், இறுகியதுபோலவும் தோன்றும். அவசரமாகப் பெடலை மிதிக்கும் அன்று அந்த நுனிகள் மழுங்கி, குழாய் வாயோடு பிடுங்கிக்கொண்டு வரும். இதை விற்பவரிடம் தொலைபேசியில் சொன்னபோது கிடைத்த பதில்: "சார், கொஞ்சம் டெஃப்ளான் டேப் சுத்திப் போடுங்க, லீக் ஆகாது." பிரேக் குழாயில் ஆயிலைத் தடுப்பது மரை அல்ல, குழாயின் விரிந்த வாய், துளையின் அடியில் உள்ள இருக்கைமேல் அழுந்தி அமர்வதுதான். அங்கே டேப் சுற்றச் சொல்கிறவர் பிரேக் பாகம் விற்கிறார் என்பதை எண்ணித்தான் அன்று இரவு தூங்கவில்லை.

குழாய்களைப் புதிதாகச் செய்வித்து, பெடலை மிதிக்கச் சொல்லி, ஆயிலோடு சேர்ந்திருக்கும் காற்றை வெளியேற்றத் தொடங்கினேன்; இதைத்தான் காற்று எடுப்பது என்பார்கள். பெடல் மெத்தென்று அடிவரை இறங்கியது. மறுபடி எடுத்தேன். மூன்றாவது நாள் மாலைக்குள் இரண்டு லிட்டர் ஆயில் தீர்ந்திருந்தது. மிதித்துக்கொண்டிருந்த என் தம்பி, "அண்ணா, கால் விட்டுப்போச்சு" என்று இறங்கி உட்கார்ந்துவிட்டான். விற்பவரோ காற்று சரியாக எடுக்கத் தெரியவில்லை என்றே திரும்பத் திரும்பச் சொன்னார். அதை நானும் ஓரளவு நம்பினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதன்முறை கட்டுகிறவனுக்குத் தன் கைமேல்தான் முதலில் சந்தேகம் வரும்.

நான்காவது நாள், வலப்பக்கச் சக்கரத்தின் அருகே தரையில் படுத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் காற்றை வெளியேற்றத் திறக்கும் நிப்பிள் என் முகத்துக்கு நேரே இருப்பது கண்ணில் பட்டது. இடப்பக்கம் அது, பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிபரின் உச்சியில் இருந்தது. இங்கே அடியில் இருந்தது. அனுப்பியிருந்த முன் காலிபர்கள் இரண்டுமே இடப்பக்கத்துக்கானவை. போல்ட் துளைகள் இருபுறமும் ஒரே அளவாதலால் எந்தத் தடையும் இல்லாமல் பொருந்திவிட்டன. காற்று மேலேதான் நிற்கும். நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை லிட்டர் ஊற்றினாலும் ஆயில்தான் வெளியேறும், காற்றுக் குமிழி உச்சியில் சொகுசாக உட்கார்ந்திருக்கும். அந்தக் காலிபரைக் கழற்றி, பிஸ்டன் வெளியே வந்துவிடாமல் பேடுகளுக்கு நடுவே டிஸ்க்கின் தடிமனில் ஒரு மரத்துண்டைச் செருகி, நிப்பிள் மேலே வரும்படி கையில் தூக்கிப் பிடித்துத் திறந்தேன். குழாயில் பொருபொருவென்று நுரை வந்தது. இரண்டு நிமிடத்தில் பெடல் கெட்டியாகிவிட்டது.

கெட்டியான பெடலைக் கண்டு மகிழ்ந்ததும் அதிக நாள் நீடிக்கவில்லை. வலப்பக்கக் காலிபரைத் தனியே வாங்கி மாட்டி, சுவர் சூழ்ந்த ஒரு வெற்று இடத்தில் நடை வேகத்தில் ஓட்டிப் பார்த்தபோது, பெடல் கல்போல் நின்றது, வண்டிதான் நிற்கவில்லை. பெடல் கடினமாக இருந்தால் பிரேக் நன்றாக இருக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். சர்வோ இல்லாத வண்டியில் அது நேர்மாறாகவும் இருக்கலாம். மாஸ்டர் சிலிண்டரின் மேல் 19 மி.மீ. என்று ஒட்டுச்சீட்டு இருந்தது. கழற்றிப் பிரித்து வெர்னியரால் அளந்தால் உள்விட்டம் 22.2 மி.மீ. ஒட்டுச்சீட்டை உரித்தபோது அடியில் வார்ப்பிலேயே 22 என்று பொறித்திருந்ததும் தெரிந்தது. 3 மி.மீ.தானே என்று தோன்றும். ஆனால் அழுத்தம் பரப்பைப் பொறுத்தது, பரப்போ விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 40 கிலோ எடைக்குச் சமமான விசையில் மிதித்து, பெடல் அதை ஐந்து மடங்காக்கித் தந்தால், 19 மி.மீ. சிலிண்டரில் ஏறத்தாழ 69 பார் அழுத்தம் பிறக்கும், 22.2இல் 51 பார்தான். கால்வாசி பிரேக் ஓர் ஒட்டுச்சீட்டுக்கு அடியில் காணாமல் போயிருந்தது.

எல்லாவற்றையும் படத்தோடும் அளவுகளோடும் எழுதி அனுப்பினேன். பன்னிரண்டு நாள் கழித்து வந்த பதிலில் முதல் வரியே அந்தப் பொடி எழுத்து வரிதான். காலிபர் பொருத்தப்பட்டுவிட்டது, சிலிண்டர் பிரிக்கப்பட்டுவிட்டது, போல்ட்டுகள் பற்றித் தகவல் தாமதமாக வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. தொலைபேசியில், "இதையேதான் சார் எல்லாரும் போட்டு ஓட்டிக்கிட்டு இருக்காங்க, உங்களுக்கு மட்டும் எப்படி வருது?" என்றார். பிரிக்காமல் உள்விட்டத்தை எப்படி அளப்பது, பொருத்தாமல் இடம் வலம் எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு விடை இல்லை. கடைசியில் குழாய்களுக்கு மட்டும் பணம் வந்தது.

ஆகவே பெட்டி வந்ததும் ஸ்பேனரைத் தொடாமல் மேசைமீது பரப்பிவைத்துச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஒரு மாலைப்பொழுது போதும். வெர்னியர், மரை அளவி, கைபேசிக் கேமரா, இவ்வளவே தேவை. காலிபர்களை ஜோடியாக அருகருகே வைத்தால் ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பமாகத் தெரிய வேண்டும். இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் மேல் ஒட்டியிருக்கும் எதையும் உரித்து வார்ப்பெழுத்தைப் படியுங்கள். ஒவ்வொரு குழாய் நட்டையும் மரை அளவியில் வைத்துப் பாருங்கள். குழாயின் வாய் குமிழ் வடிவமா, இரட்டை மடிப்பா என்பதும் எதிரே உள்ள இருக்கையோடு ஒத்துவர வேண்டும். ஸ்பிரிங் கம்பியின் தடிமனை மறக்காதீர்கள்: விறைப்பு அதன் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால் 10 மி.மீ. இருக்க வேண்டிய கம்பி 9.5 மி.மீ. இருந்தாலே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விறைப்பு போய்விடும். (என் தொகுப்பில் ஸ்பிரிங்குகள் சரியாகவே இருந்தன, உள்ளதைச் சொல்ல வேண்டும்.) ஒவ்வொன்றையும் பொருத்துவதற்கு முன்பே படமெடுத்து, குறை கண்டால் அன்றே எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசிப் பயனில்லை.

விஷ்போன்களின் குறையை மட்டும் மேசைமீது வைத்துக் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்த நடை வேக ஓட்டத்துக்குப் பிறகு கீழ் விஷ்போனின் புஷ் குழலை ஒட்டி, மின்னும் கோட்டிங்கில் மயிரிழைபோல ஒரு கோடு விழுந்திருந்தது. அந்த இடத்தில் மட்டும் கோட்டிங்கைச் சுரண்டி, விரிசலைக் காட்டும் ஊடுருவும் சாயத்தை அடித்துத் துடைத்து வெள்ளைப் பூச்சைப் பூசியதும், வெல்டிங்கின் ஓரத்தில் இரண்டு செ.மீ. நீளத்துக்குச் சிவப்பு ஊறி வந்தது. பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளும் விசையின் பெரும்பகுதியைத் தாங்குவது இந்த முனைதான். நான்கு விஷ்போன்களையும் கழற்றினேன். இன்னொருவர் வண்டிக்கு அவை போய்விடக் கூடாது என்று கிரைண்டரால் வெல்டிங்கின் குறுக்கே வெட்டினேன். வெட்டிய முகத்தைத் தேய்த்துப் பார்த்தால், வெல்டிங் உலோகம் குழாயின்மேல் மெழுகு சொட்டியதுபோல் வெறுமனே உட்கார்ந்திருந்தது; அதற்கு அடியில் குழாயின் முனை உருகவே இல்லை, ரம்பம் அறுத்த கோடுகள்கூட அப்படியே தெரிந்தன.

அந்தப் படத்தையும் அவருக்கு அனுப்பினேன். இம்முறை பதில் அன்றைக்கே வந்தது: வெட்டிய பொருளைத் திரும்பப் பெற முடியாது.