சின்ன மாநில ஆளுநரா, பழுத்த செனட்டரா?

சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல் சீட்டை மேசையில் வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க யோசித்தேன். என் மனதில் இரண்டு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். ஒருவர் சின்ன மாநிலம் ஒன்றின் ஆளுநராக இருந்தவர். இன்னொருவர் வாஷிங்டனிலேயே பல ஆண்டுகள் செனட்டராக, அதாவது நாடாளுமன்ற மேலவை உறுப்பினராக, இருந்து பழுத்தவர். கொள்கையில் இருவருக்கும் பெரிய தூரம் இல்லை. நான் ஆளுநருக்கே போட்டேன். "அவர் ஆண்ட மாநிலத்தின் மொத்த ஜனத்தொகை ஒரு நகரத்துக்குக் காணாது. அதெல்லாம் நாட்டை ஆளத் தகுதியா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. அதற்கப்புறம் யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். செனட்டருக்கு வெளியுறவு தெரியும், சட்டம் எப்படி நிறைவேறுகிறது என்பது தெரியும். ஆளுநர் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த நிர்வாகத் தலைவர். ஆட்களை நியமித்திருப்பார், துறைகளை நடத்தியிருப்பார். 1976 முதல் 2004 வரை, 1988 நீங்கலாக, எல்லா அதிபர் தேர்தலிலும் ஜெயித்தவர்கள் முன்னாள் ஆளுநர்களோ பதவியிலிருந்த ஆளுநர்களோதான். ஆனால் ஜெயிப்பது வேறு, ஆள்வது வேறு. அதனால் அந்தக் கணக்கை நான் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

என் முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் யார் தலையில் விடிகிறது?

கூட்டாட்சி அரசு கடன் வாங்கிச் சமாளிக்கலாம். அன்றாடச் செலவுக்கு மாநிலங்களுக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை. வெர்மாண்ட் ஒன்றைத் தவிர மற்ற மாநிலங்கள் எல்லாவற்றிலும் வரவுக்குள் செலவை அடக்கவேண்டும் என்று ஏதோ ஒரு வகையில் விதி இருக்கிறது. வரி வருமானம் குறைந்தால் ஆளுநர் பள்ளியில் கைவைக்க வேண்டும், இல்லை மருத்துவ உதவியில், இல்லை வரியைக் கூட்ட வேண்டும். எதைச் செய்தாலும் அடியில் அவர் கையெழுத்து இருக்கும். செனட்டர் நூறு பேரில் ஒருவர். மசோதாவில் நல்லதற்கு நானும் வாக்களித்தேன், கெட்டதை நான் அன்றே எதிர்த்தேன் என்று அவரால் சொல்ல முடியும். அது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கும். அவர் வேலையின் அமைப்பே அப்படி.

சின்ன மாநிலத்தில் இந்தப் பொறுப்பு இன்னும் நெருக்கமாக வந்து நிற்கும். 1979 ஜனவரியில், 32 வயதில், பில் கிளிண்டன் அர்க்கன்சாஸ் ஆளுநரானார். சாலைகள் மோசமாக இருந்தன, போடக் காசு வேண்டும். வண்டிப் பதிவுக் கட்டணத்தை உயர்த்தினார். சட்டமன்றத்தில் பேரம் முடிந்தபோது கட்டணம் வண்டியின் எடையைப் பொறுத்தது என்றானது. விளைவு, பழைய கனமான பிக்கப் டிரக்கை ஓட்டிப் பிழைக்கும் ஆள், புதிய இலேசான கார் வைத்திருப்பவரைவிட அதிகம் கட்டவேண்டி வந்தது. பதிவைப் புதுப்பிக்கக் கவுண்டரில் போய் நின்றபோது அவருக்குப் புதிய தொகை தெரிந்திருக்கும். காசை எண்ணிக் கொடுக்கும்போது அவர் மனதில் ஒரே ஒரு பெயர்தான் ஓடியிருக்கும்.

அதோடு 1980இல் கியூபாவிலிருந்து வந்த அகதிகளைக் கூட்டாட்சி அரசு அர்க்கன்சாஸில் உள்ள ஃபோர்ட் சாஃபி முகாமுக்கு அனுப்பியது; அங்கே கலவரம் வெடித்தது. முடிவெடுத்தது வாஷிங்டன், பழி ஆளுநருக்கு. அப்போது அங்கே ஆளுநரின் பதவிக்காலம் இரண்டே ஆண்டு. 1980 நவம்பரில் கிளிண்டன் தோற்றார். 1982இல் தொலைக்காட்சி விளம்பரத்தில் வந்து செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி நின்று வென்றார். எனக்கு இந்தத் தோல்விதான் அவருடைய தகுதிப் பத்திரமாகத் தெரிகிறது. நோக்கம் சரியாகவே இருந்தாலும் அந்தச் சுமை யார் முதுகில் இறங்குகிறது என்று பார்க்காமல் போட்ட கையெழுத்து என்ன செய்யும் என்பதை 34 வயதிலேயே அவர் கற்றுக்கொண்டார். இன்னொன்றும் உண்டு: அர்க்கன்சாஸில் ஆளுநரின் வீட்டோவை, அதாவது மசோதாவைத் தடுக்கும் அதிகாரத்தை, சட்டமன்றம் சாதாரணப் பெரும்பான்மையாலேயே தள்ளிவிடலாம். அதிகாரத்தைக் காட்டி அங்கே காரியம் நடக்காது, ஒவ்வொருவராகப் பிடித்துப் பேசத்தான் வேண்டும். 1993இல் அதிபராக அவர் கொண்டுவந்த பட்ஜெட் பிரதிநிதிகள் சபையில் 218-216 என்றும், செனட்டில் துணை அதிபர் அல் கோரின் வாக்கால் 51-50 என்றும் நிறைவேறியபோது அந்தப் பழக்கம் கைகொடுத்தது என்றே நினைக்கிறேன்.

வெர்மாண்டைப் பற்றியும் சொல்லவேண்டும். 1991 ஆகஸ்டில் ஆளுநர் ரிச்சர்ட் ஸ்னெல்லிங் திடீரென இறந்தார். துணை ஆளுநர் ஹாவர்ட் டீன் தொழிலால் மருத்துவர். செய்தி வந்தபோது நோயாளி ஒருவரைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். அன்றே ஆளுநரானார். அந்த மாநிலத்தில் மட்டும்தான் பட்ஜெட் விதி இல்லை, கஜானாவிலோ துண்டு விழுந்திருந்தது. எதிர்க்கட்சிக்காரரான ஸ்னெல்லிங் வகுத்த திட்டத்தையே டீன் தொடர்ந்தார், சொந்தக் கட்சிக்காரர்கள் முணுமுணுத்தும் செலவை இழுத்துப் பிடித்தார், குழந்தைகளுக்கான மருத்துவக் காப்பீட்டையும் விரிவாக்கினார். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை தேர்தல். ஐந்து முறை வென்றார். 2004இல் உட்கட்சித் தேர்தல் முதலில் நடந்த அயோவா மாநிலத்திலேயே அவருடைய அதிபர் கனவு சரிந்தது. நாட்டை எப்படி ஆண்டிருப்பார் என்பதற்கு அதனால் சாட்சி கிடையாது.

சரி, சின்ன மாநிலம் என்றாலே போதுமா? போதாது. அலாஸ்காவைப் பாருங்கள். 2006 டிசம்பரில் ஆளுநரான சாரா பேலின், இருபது மாதங்களில் துணை அதிபர் வேட்பாளரானார். அவர் ஆண்ட காலத்தின் பெரும்பகுதி எண்ணெய் விலை ஏறிக்கொண்டே போன காலம். மாநிலத்தில் வருமான வரி இல்லை, மாநில விற்பனை வரியும் இல்லை. 2008இல் அங்கே வசித்த ஒவ்வொருவருக்கும் எண்ணெய்ப் பணத்திலிருந்து 3,269 டாலர் கிடைத்தது. பங்கு பிரித்துக் கொடுப்பதும் ஆட்சிதான், ஆனால் இல்லை என்று சொல்லவேண்டிய நாள் அவருக்கு அதிகம் வரவில்லை. 2009 ஜூலையில் பதவியை விட்டு விலகியும் விட்டார். எனவே நான் பார்ப்பது ஜனத்தொகையை அல்ல. கை வறண்ட ஒரு வருடத்தையாவது அந்த ஆளுநர் கடந்திருக்கிறாரா என்பதைத்தான். கலிஃபோர்னியா போன்ற பெரிய மாநிலத்து ஆளுநர்களுக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். அவர்களுக்கும் டிரக் ஓட்டுபவருக்கும் நடுவில் அதிகாரிகள் அதிகம், அவ்வளவுதான்.

செனட்டர் பக்கம் இருக்கும் வலுவை மறைக்க விரும்பவில்லை. லிண்டன் ஜான்சன் அதிபராகும் முன் செனட்டில் பெரும்பான்மைத் தலைவராக இருந்தவர். இனப் பாகுபாட்டைத் தடுத்த 1964 குடிமை உரிமைகள் சட்டத்தை நிறைவேற்ற அவருக்கு எந்த உறுப்பினரை எப்படி அணுகுவது என்பது விரல் நுனியில் இருந்தது. சின்ன மாநிலத்திலிருந்து வருபவருக்கு அந்த அறிமுகம் இருக்காது. தன்னுடன் வந்த நாலு பேரையே நம்புவார். கிளிண்டன் தன் ஊரான ஹோப்பின் பால்ய நண்பர் மேக் மெக்லார்ட்டியை வெள்ளை மாளிகையின் தலைமை அலுவலராக அமர்த்தினார். ஒன்றரை ஆண்டில், நீண்ட காலம் காங்கிரஸ் உறுப்பினராக இருந்த லியோன் பனெட்டாவை அந்த இடத்துக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

வெளியுறவில் என் தராசு இன்னும் ஆடுகிறது. 1993 அக்டோபரில் சோமாலியாவின் மொகடிஷுவில் 18 அமெரிக்க வீரர்கள் இறந்தபோது, அர்க்கன்சாஸ் அனுபவம் எதற்கும் உதவியிருக்காது. ஆனால் செனட்டில் அத்தனை ஆண்டுகள் இருந்த ஜான்சன்தான் வியட்நாமில் மேலும் மேலும் படைகளை இறக்கினார். குழுக் கூட்டங்களில் உட்கார்ந்து கேட்பது போரைப் பற்றி எவ்வளவு கற்றுத்தரும் என்று வெறும் வாக்காளனான என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

நான் வாக்களித்தவர் அந்தத் தேர்தலில் தேறவில்லை. சீட்டில் குறியிடுவதற்கு முன் அவருடைய மாநிலத்தின் பழைய பட்ஜெட் செய்திகளைத் தேடி, துண்டு விழுந்த வருடத்தில் எதை வெட்டினார், எதைத் தொடாமல் விட்டார் என்று படித்துப் பார்த்தேன். செனட்டருக்கும் அதே போலத் தேடினேன். உரைகள் நிறையக் கிடைத்தன. வெட்டியது என்று அவர் பெயரில் மட்டும் எதுவும் கிடைக்கவில்லை.