ஆட்டோகான்ஃப், சிமேக், மெசான்: கம்பைலர் சோதனையில் எதை எவ்வளவு நம்பலாம்?

மதுரைக் கல்லூரி லேபில் உபுண்டு 22.04 இருக்கும், அதில் ஜிசிசி என்ற சி கம்பைலரின் 11-ஆம் பதிப்பு. மாணவரின் லேப்டாப்பில் டெபியன் 13. அதில் ஜிசிசி 14. நிரல் கடைசியில் ஓட வேண்டிய இடம் மேலூர்ப் பக்கம் ஒரு தோப்பின் மோட்டார் ரூமில் இருக்கும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி. மூன்றுக்கும் ஒரே சி சோர்ஸ் என்றால், பில்டு தொடங்கும் முன் ஒவ்வொரு கம்பைலரிடமும் "இது உனக்குத் தெரியுமா" என்று கேட்டாக வேண்டும்.

வெர்ஷன் எண்ணைப் பார்த்து முடிவெடுப்பது போதாது. ஆரப்பாளையத்தில் நிற்கும் பஸ்ஸில் தேனி என்று போர்டு இருக்கும். செக்கானூரணியில் நிற்குமா என்பது கண்டக்டரைக் கேட்டால்தான் தெரியும். க்ளாங் என்ற இன்னொரு கம்பைலரும் ஜிசிசிக்கான மேக்ரோவைத் தானே வரையறுத்து, தன்னை ஜிசிசி 4.2 என்று காட்டிக்கொள்ளும். ஆகவே குட்டி நிரல் ஒன்றை எழுதிக் கம்பைல் செய்து பார்ப்பதே சரியான வழி. பில்டுக்கு முன் இந்தச் சோதனைகளை நமக்காக நடத்தும் ஆட்டோகான்ஃப், சிமேக், மெசான் என்ற மூன்று கருவிகளும் அதைத்தான் செய்கின்றன. சோதனை தவறான காரணத்துக்காகத் தோற்றால் நமக்குத் தெரிய வருமா என்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன.

ஆட்டோகான்ஃப் 1991-இல் பிறந்தது. அது உருவாக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்டுக்கு ஷெல்லும் கம்பைலரும் மேக்கும் போதும், பைத்தான்கூட வேண்டாம். பழைய யூனிக்ஸ் மெஷின்களுக்கு இன்றும் இதுவே வலுவான தேர்வு. ஆபத்து, பழைய சோதனை நிரல்களில் இருக்கிறது. மெயினுக்கு ரிட்டர்ன் டைப் எழுதாமல், ஹெடர் சேர்க்காமல் எக்ஸிட்டை அழைக்கும் சோதனைகள் ஏராளம். 2023-இல் வந்த க்ளாங் 16, 2024-இல் வந்த ஜிசிசி 14 இரண்டும் இவற்றை வார்னிங்காக விடாமல் எர்ரராகவே நிறுத்துகின்றன. விளைவு: தேடிய ஃபங்ஷன் சிஸ்டத்தில் இருந்தும் ஸ்கிரிப்ட் "நோ" என்று அச்சிடும், பில்டு தடங்கலில்லாமல் முடியும், அந்த வசதி மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும்.

கண்டுபிடிக்க, கான்ஃபிக்.லாக் கோப்பில் "ஃபெயில்டு புரோகிராம் வாஸ்" என்ற வரியைத் தேடி, அதற்கு மேலே உள்ள எர்ரரைப் படியுங்கள். தேடிய ஃபங்ஷனைப் பற்றியதாக இல்லாமல் எக்ஸிட்டையோ மெயினையோ பற்றிய எர்ரராக இருந்தால் சோதனைதான் தப்பு. ஹெடரைச் சேருங்கள், மெயினுக்கு இன்ட் போடுங்கள், ஆட்டோகான்ஃப் 2.72-ஐ வைத்து, ஸ்கிரிப்டைப் புதிதாக உருவாக்கும் ஆட்டோரீகான்ஃபை ஓட்டுங்கள். 2012-இன் 2.69-க்கு அடுத்த பதிப்பு 2020 டிசம்பரில்தான் வந்தது. அதனால் பழைய ஸ்கிரிப்டைச் சுமக்கும் சோர்ஸ் பொட்டலங்கள் இன்னும் நிறையவே கிடைக்கும். ஜிசிசி 15 வேறு சி மொழியின் புதிய ஸ்டாண்டர்டான சி23-ஐ இயல்பாக்கிவிட்டது. அதில் வெற்று அடைப்புக்குறி என்றால் ஆர்கியுமென்ட்டே இல்லை என்று பொருள். இன்னும் சில சோதனைகள் அங்கே விழும்.

சிமேக்கில் செக்_ஃபங்ஷன்_எக்ஸிஸ்ட்ஸ் லிங்க் ஆகிறதா என்று மட்டுமே பார்க்கும். செக்_சிம்பல்_எக்ஸிஸ்ட்ஸ் ஹெடரையும் சேர்த்துப் பார்க்கும், மேக்ரோவாக இருந்தாலும் பிடிக்கும். இரண்டாவதையே எழுதுங்கள். சி ஸ்டாண்டர்டு 17 கேட்டு, ரிக்வயர்டு என்பதை ஆன் செய்யாமல் விட்டால், கம்பைலருக்கு 17 தெரியாதபோது சிமேக் பழைய ஸ்டாண்டர்டுக்கு இறங்கிவிடும், எர்ரர் வராது. அடுத்த தொல்லை, முந்தைய சோதனை முடிவுகளைச் சேமித்து வைக்கும் கேஷ். இல்லாத ஹெடரை நிறுவிவிட்டு மறுபடி ஓட்டினாலும் பழைய "கிடைக்கவில்லை" அப்படியே நிற்கும். சிமேக் 3.24 முதல், கேஷை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கும் ஃப்ரெஷ் ஆப்ஷன் உண்டு. அதற்கு முந்தையது என்றால் பில்டு டைரக்டரியையே அழியுங்கள்.

சத்தமில்லாத "நோ" எவ்வளவு கெடுதல் என்பதற்கு எக்ஸ்ஸெட் என்ற கோப்புச் சுருக்கும் பொட்டலத்துக்குள் யாரோ பின்வாசல் வைத்த விவகாரமே சாட்சி. 2024-இல் அதன் சிமேக் கோப்பில், லேண்ட்லாக் என்ற லினக்ஸ் பாதுகாப்பைத் தேடும் சோதனை நிரலுக்குள் ஒரே ஒரு புள்ளி நுழைக்கப்பட்டிருந்தது. அந்த நிரல் எந்த கம்பைலரிலும் கம்பைல் ஆகாது. பாதுகாப்பு இல்லாமலே பில்டு ஆகும். அதே பொட்டலத்தின் முக்கியத் தாக்குதல் ஆட்டோகான்ஃபுக்கான எம்4 மேக்ரோ கோப்பு வழியாக வந்தது. சிமேக் பக்கத்து ஓட்டை இதுதான்: தோற்ற சோதனையின் காரணத்தை யாரும் படிப்பதில்லை.

மெசான் இவற்றில் இளையது. ஃபிளாக் சோதனையில் இதன் கவனம் மற்ற இரண்டிலும் இல்லை. தெரியாத வார்னிங்கை அணைக்கச் சொன்னால் ஜிசிசி வாயே திறக்காது; ஆகவே "நோ" வடிவ ஃபிளாக்கைச் சோதித்தால் எப்போதும் பாஸ்தான். மெசான் அந்த "நோ"வை நீக்கி, நேர் வடிவத்தைச் சோதிக்கும். பைத்தானும், மேக்கின் இடத்தில் பில்டை நடத்தும் நின்ஜாவும் வேண்டும் என்பது இதன் விலை. ஆனால் லேபில் ரூட் பாஸ்வேர்டு இல்லாவிட்டாலும், மெசானின் சோர்ஸை விரித்து, நிறுவாமல் அப்படியே ஓட்டலாம்.

ராஸ்பெர்ரி பைக்கான நிரலை லேப்டாப்பிலிருந்தே கம்பைல் செய்யும்போது (கிராஸ் கம்பைல்), ஓடிப் பார்க்கும் சோதனைகள் மூன்றிலும் இடறும். ஆட்டோகான்ஃபில் மாற்றுப் பதில் எழுதியிருக்காவிட்டால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். சிமேக்கில் எமுலேட்டரையும், மெசானின் கிராஸ் ஃபைலில் ரேப்பரையும் குறிப்பிட்டு க்யூஎமு என்ற எமுலேட்டர் வழியாக ஓட்டலாம். அதைவிட, ஓடும் சோதனையைக் கம்பைல் சோதனையாக மாற்றி எழுதுவது மேல். டைப்பின் சைஸை மூன்றுமே ஓட்டாமல் கண்டுபிடிக்கும்.

புதிய சி புராஜெக்ட் என்றால் மெசான். விண்டோஸில் விஷுவல் ஸ்டூடியோவும் வேண்டும், மற்றவர்கள் எடுத்துச் சேர்க்கும் லைப்ரரி என்றால் சிமேக். ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டோகான்ஃபை மாற்ற வேண்டாம், சோதனைகளைத் திருத்தினால் போதும். வார்னிங்கை எர்ரராக்கும் ஃபிளாக்கை மட்டும் எதிலும் சோதனைகளுக்கு முன் போடாதீர்கள். பயன்படுத்தாத வேரியபிள் ஒன்றே சோதனையைத் தோற்கடிக்கக்கூடும்.

எந்தக் கருவியானாலும், லேபிலும் லேப்டாப்பிலும் உருவான, சோதனை முடிவுகள் பதிவாகும் கான்ஃபிக்.எச் கோப்புகளை டிஃப் போட்டுப் பாருங்கள். வேறுபடும் ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்ல முடிந்த பிறகு பைக்கு அனுப்புங்கள்.