சில்வராடோ 4×4-க்கு 2/4 இறக்கும் கிட்: சொகுசு எதில் இருக்கிறது?

1999 முதல் 2006 வரையிலான தலைமுறையைச் சேர்ந்த செவர்லே சில்வராடோ 1500 பிக்கப்பில், நான்கு சக்கர இயக்கம் (4×4) உள்ள வண்டிக்கானது இந்த விமர்சனம். வண்டியின் உயரத்தை முன்னால் 2 இஞ்ச், பின்னால் 4 இஞ்ச் இறக்குவதைத்தான் 2/4 என்கிறார்கள். காலி வண்டியில் பின்பக்கம் எப்போதும் தூக்கியே நிற்பதால், இந்த அளவில் இறக்கினால் முன்னும் பின்னும் கிட்டத்தட்ட சமமாக உட்காரும். அமெரிக்காவில் பெல்டெக், டிஜேஎம், மெக்காஹீஸ் என்று இறக்கும் பாகங்கள் விற்பவர்கள் பலர். யாரிடம் வாங்கினாலும் முதலில் பார்க்க வேண்டியது, பெட்டியில் குட்டை பம்ப் ஸ்டாப்பும் (சக்கரம் அளவுக்கு மீறி மேலே ஏறாமல் தடுக்கும் ரப்பர்) இறக்கிய உயரத்துக்கான ஷாக் அப்சார்பரும் (ஷாக்) இருக்கிறதா என்பதை. கீ (முன்னால் டார்ஷன் பாரின் முனையைப் பிடிக்கும் நெம்பு), ஷேக்கிள் (பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கின் பின்முனையைச் சேசிஸோடு இணைப்பது), ஹேங்கர் (அதன் முன்முனையைப் பிடிப்பது) மட்டும் இருந்தால் வேலை பாதிதான் முடியும். சொகுசு மீதிப் பாதியில்தான் இருக்கிறது.

இந்த வண்டியின் முன்பக்கத்தில் காயில் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார், அதாவது முறுகி ஸ்பிரிங்காக வேலை செய்யும் எஃகுத் தண்டு. கீயை மாற்றினாலும், கீயை அழுத்தும் அட்ஜஸ்டர் போல்ட்டைத் தளர்த்தினாலும் பாரின் விறைப்பு மாறாது. மாறுவது சக்கரம் மேலே ஏற மிச்சமிருக்கும் இடம். 2 இஞ்ச் இறக்கினால் அதில் 2 இஞ்ச் போய்விடும். பழைய பம்ப் ஸ்டாப் அப்படியே இருந்தால் சின்னப் பள்ளத்துக்கே கீழ் ஆர்ம் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கை) அந்த ரப்பரில் போய் முட்டும். “இறக்கினதும் வண்டி கல்லு மாதிரி ஆயிடுச்சு” என்பவர்களில் பலருக்கு உண்மையான சிக்கல் இதுதான். ஸ்பிரிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. வண்டியைத் தரையில் நிறுத்தி, ரப்பருக்கும் அது முட்டும் இடத்துக்கும் இடையில் விரலை விட்டுப் பாருங்கள். ஒரு விரல்கூட நுழையவில்லை என்றால் குட்டை ஸ்டாப் போடாமல் ஓட்டாதீர்கள்.

கீ வாங்காமல் போல்ட்டை மட்டும் தளர்த்தினால் செலவே இல்லையே என்று தோன்றும். கொஞ்சம் இறக்க அது போதும். அதற்கு மேல் போனால் போல்ட்டுக்குப் பிடிமானம் குறைந்து, சக்கரம் தொங்கும்போது கீ தளர்ந்துவிடும். இறக்கும் கீயில் அறுகோணத் துளை வேறு கோணத்தில் வெட்டப்பட்டிருப்பதால், உயரம் குறைந்தாலும் போல்ட் நன்றாகவே அழுத்திப் பிடித்திருக்கும். கழற்ற, பாரின் விசையைத் தளர்த்தும் டார்ஷன் பார் அன்லோடர் கருவி கட்டாயம். பாரில் இருக்கும் விசை ஆளைக் காயப்படுத்தக்கூடியது. சாதாரண சி-கிளாம்ப்பை நம்பக் கூடாது. இடது பார், வலது பார் எது என்று குறித்துக்கொண்டு, போல்ட் எவ்வளவு வெளியே தெரிகிறது என்றும் அளந்து வையுங்கள்.

முன்னால் 2 இஞ்சுக்கு மேல் ஆசைப்பட வேண்டாம். டிஃபரன்ஷியல் சேசிஸோடு சேர்ந்து இறங்கும், சக்கரம் இறங்காது. அதனால் டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் சிவி ஷாஃப்ட் வெளிப்பக்கம் மேல்நோக்கிச் சாய்கிறது. சாய்வு கூடக் கூட ஜாயின்ட்டும் அதன் ரப்பர் உறையும் சீக்கிரம் தேயும்.

பின்னால்தான் இந்த கிட் தன் மதிப்பைக் காட்டுகிறது. ஷேக்கிளில் 2, ஹேங்கரில் 2, ஆக மொத்தம் 4. ஆக்ஸில் பட்டை ஸ்பிரிங்கின் நடுவாக்கில் இருப்பதால், ஒரு முனை 4 இஞ்ச் நகர்ந்தால்தான் வண்டி 2 இஞ்ச் இறங்கும். ஷேக்கிளை மட்டும் போட்டால் பட்டையின் பின்முனை ஏறி, ஆக்ஸிலில் டிரைவ் ஷாஃப்ட் சேரும் பினியன் மூக்கு கீழே குனியும். ஓட்டத்தில் அதிர்வு வரும், டிரைவ் ஷாஃப்ட்டின் யுனிவர்சல் ஜாயின்ட் அடிவாங்கும். முன் ஹேங்கர் அதை எதிர்த்திசையில் திருப்பிச் சரிக்கட்டுகிறது. ஆகவே இரண்டும் சேர்ந்த கிட்டையே வாங்குங்கள். மிச்சக் கோணத்தை ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் இடையில் ஆப்பு வைத்துச் சரிசெய்யலாம்.

சிரமம் ஹேங்கரில். அசல் ஹேங்கர் ரிவெட் அடித்தது. தலையை கிரைண்டரில் அறுத்துத் தட்டித்தான் எடுக்க வேண்டும். ஓட்டுநர் பக்கம் பெட்ரோல் டேங்கும் லைன்களும் அருகிலேயே ஓடுகின்றன. தீப்பொறி படாமல் மறைக்காமல் கிரைண்டரைத் தொடவே கூடாது. புது ஹேங்கருக்கு கிரேடு 8 (அதிக வலிமையுள்ள) போல்ட்.

கடைகளில்கூட அவசரத்தில் தவறவிடும் ஒரு விஷயம்: ரப்பர் புஷ் வழியே போகும் போல்ட்டுகளை, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசியாக முறுக்க வேண்டும். தொங்கவிட்டு முறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே முறுகிப் பிடித்துக்கொள்ளும். வண்டி உயரமாக நிற்கும், விறைப்பாக ஓடும், புஷ் சீக்கிரம் கிழியும்.

ஷாக் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். பழைய ஷாக் பாதி அமுங்கிய நிலையிலேயே நிற்கும்; பம்ப் ஸ்டாப்புக்கு முன்பே தன் அடியில் முட்டினால் சீல் போய் எண்ணெய் கசியும். பட்டையைக் கழற்றி ஆக்ஸிலுக்குக் கீழே மாட்டும் ஃபிளிப் கிட் 6 இஞ்ச் வரை இறக்கும். ஆனால் ஆக்ஸில் மேலே ஏற இடம் கொடுக்கச் சேசிஸில் சி-நாட்ச் (C வடிவ வெட்டு) வெட்டியாக வேண்டும், பாரம் ஏற்றுகிறவருக்கு அது ஒத்துவராது. 4 இஞ்சிலும் முழுப் பாரம் ஏற்றினால் ஆக்ஸில் முட்டும். வாரத்துக்கு ஒரு முறையாவது டிரெய்லர் இழுப்பவர் பின்னால் 2 இஞ்சோடு நிறுத்துவது நல்லது.

வண்டி சில நாள் ஓடி உட்கார்ந்ததும், சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு மூலையும் அளந்து கீ போல்ட்டில் சமன் செய்யுங்கள். அலைன்மென்ட் அதற்குப் பிறகுதான். கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) உள்பக்கம் சாய்ந்திருக்கும், டோவும் (சக்கரங்கள் பார்க்கும் திசை) மாறியிருக்கும். விட்டுவைத்தால் முன் டயர் ஓரம் தின்றுவிடும். பின்பக்கம் கூடுதலாக இறங்கியதால் ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும், அதையும் தாழ்த்துங்கள். தோற்றத்துக்காக முன்னால் சின்ன டயர், பின்னால் பெரிய டயர் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். ஆட்டோ 4டபிள்யூடி பொத்தான் உள்ள வண்டியில் முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் கிளட்ச் அந்த வித்தியாசத்தைத் தாங்கித் தாங்கியே சூடேறித் தேய்ந்துபோகும்.