ஓர் இரவு போதாது

2018இலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை கொழும்பு வெள்ளவத்தையை விட்டு எங்காவது ஒரு நல்ல ரிசோர்ட்டில் போய்த் தங்கி வருகிறோம். நான், இவர், மகள், அம்மா. கொரோனாவும் பெற்றோல் வரிசையும் தின்ற வருடங்களில் மட்டும் போகவில்லை. எங்களுக்கு இது சின்னச் செலவில்லை. அதனால் திரும்பி வரும் வழியெல்லாம் "கொடுத்த காசுக்குப் பெறுமதியா?" என்ற வழக்குத்தான் நடக்கும்.

முதல் இரண்டு வருடமும் ஓர் இரவுதான் தங்கினோம். அதுதான் பிழை. பகல் இரண்டு மணிக்கு அறை தருவார்கள், மறுநாள் பன்னிரண்டுக்கு விட வேண்டும். மொத்தம் 22 மணித்தியாலம். தூக்கம், குளிப்பு, பெட்டி அடுக்குவது எல்லாம் போனால் மிச்சம் என்ன? காலிமுகத்திடல் கடற்கரையில் இஸ்ஸோ வடை, அதுதான் இறால் வடை, தின்றுவிட்டு வீட்டில் படுத்திருக்கலாம் என்று இவர் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சொன்னது சரிதான்.

2023இல் தம்புள்ளைக்குப் பக்கத்தில் கண்டலம ஹோட்டலுக்கு இரண்டு இரவு போனோம். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்தது. கொடி படர்ந்து மூடியிருப்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் கட்டடம் எது, காடு எது என்று பிடிபடாது. உள்ளே போனால் மலைப்பாறையை உடைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். எதிரே குளம், அதற்கப்பால் சீகிரியாக் குன்று. முதல் நாள் வந்த களைப்பு, மூன்றாம் நாள் போகிற அவசரம். நடுவில் கிடைத்த அந்த ஒரு முழு நாள்தான் விசேஷம். சீகிரியா ஏறுவதாகப் போட்ட திட்டத்தைக் காலையிலேயே கைவிட்டோம். அம்மா பல்கனியில் இருந்து குளத்தைப் பார்த்தபடியே மத்தியானம் வரை இருந்தார். குரங்குக்குப் பயந்து கதவை மட்டும் சாத்தி வைத்தோம். "நாளைக்கு என்ன சமையல்" என்ற நினைப்பு வரவில்லை என்பது எனக்கு இரவில்தான் உறைத்தது.

ஆடம்பரம் என்று காட்டுகிற பல சாமான்கள் இரண்டாம் நாளே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அன்னமாக மடித்த துவாய்க்கு மகள்கூட இப்போது படம் எடுப்பதில்லை. தெற்குப் பக்கம் ஓர் இடத்தில் குளியலறை முழுக்கப் பளிங்கு. ஆனால் ஒரு கேத்தல் கேட்டு மூன்று தரம் போன் பண்ண வேண்டியிருந்தது. பெந்தோட்டைப் பக்கம் இன்னோர் இடம், அவ்வளவு பெரிதில்லை. அம்மா முதல் நாள் சீனி இல்லாத பிளேன் டீ கேட்டார். மறுநாள் காலையில் நாங்கள் இருக்க முன்னமே அது மேசைக்கு வந்துவிட்டது. கொண்டுவந்த தம்பிக்குத் தமிழ் தெரியாது, அம்மாவுக்குச் சிங்களம் அரைகுறை. அவன் "அம்மா" என்றான். அது இரண்டு பாஷைக்கும் ஒன்றுதானே.

காசு விஷயத்தில் ஒரு தடவை நன்றாகச் சூடுபட்டோம். சொன்ன விலை 50,000 ரூபாய் என்றால், அதன் மேல் 10 சதவீத சேவைக் கட்டணம், அப்புறம் 18 சதவீத வற் வரி ஏறி 65,000ஐத் தொட்டுவிடும். "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று முதலிலேயே கேளுங்கள். உள்ளூர்க்காரருக்கு வேறு விலை இருக்கிறதா என்றும் கேளுங்கள், பல இடங்களில் இருக்கும். அடையாள அட்டையை மறக்க வேண்டாம். எங்களுக்குச் சனி ஞாயிறைவிடக் கிழமை நாட்களில் மலிவாகக் கிடைத்திருக்கிறது. நீச்சல் குளமும் அமைதியாக இருக்கும்.

ஆரம்பத்தில் "இந்தக் காசுக்கு ஒரு சோடித் தோடு வாங்கலாம்" என்று முணுமுணுத்தது அம்மாதான். போன கிழமை டிசம்பர் லீவைப் பற்றிப் பேச்செடுத்தேன். எந்த ஊர் என்று அவர் கேட்கவில்லை. "இரண்டு இரவுதானே?" என்றார்.